மாசி ஊறிய தண்ணீர்

செம்மண்டலம், கடலூர்
11-8-2008

அனுப்பிரியாவுக்கு,

இவ்வளவு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். நீ என்னை விட்டுச் சிதம்பரத்துக்குப் போனதிலிருந்து உன் அண்ணன் ராபர்ட் என்னை ‘ஜப்பான் மச்சான்’ என்று ஊர் முழுக்கச் சொல்லிச் சிரிக்கிறார். அப்போதெல்லாம் நான் ஒரு வரி எழுதியதில்லை. இப்போது எழுதக் காரணம் நம் மகள். ப்ரீத்தியை ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்ளப்போகும் ஜப்பான் பேராசிரியர் 24ஆம் தேதி ஞாயிறு மதியம் உன் வீட்டுக்குச் சாப்பிட வருகிறாராம். நீ இறால் பஜ்ஜி போட்டுத் தக்காளி சாஸ் வைக்கப்போகிறாயாம். போனில் சொன்னாள். இறால் சரி. தக்காளி சாஸ் கூடாது.

நாகசாகியில் மீன் பதனிடும் படிப்புப் படித்தபோது பொரித்ததைத் தொட்டுச் சாப்பிட ஒரு சாறு கொடுப்பார்கள். பார்க்க நீர்த்துப்போனதுபோல் இருக்கும். ருசி அடிநாக்கில் நிற்கும். அதற்கான மீன் சீவல் இங்கே கிடைக்காது. மாசி போதும்; அதுவும் புகையில் காய்ந்த சூரை மீன்தான். ஒரு கட்டை அனுப்பியிருக்கிறேன்.

மாசியை மெல்லிசாகச் சீவு. கொதித்த தண்ணீரை இறக்கி, அதில் போட்டு ஊறவிட்டு வடிகட்டு. பிறகு சோயா சாஸ், கொஞ்சம் சர்க்கரை சேர்த்து ஒரு கொதி. இளஞ்சூட்டில் கிண்ணத்தில் ஊற்றி, துருவிய முள்ளங்கியும் இஞ்சியும் போடு. புளி வேண்டாம். தாளிக்காதே. தாளிக்காமல் விட உன்னால் முடியாது என்று தெரியும், இருந்தாலும் எழுதுகிறேன்.

சு. ஜெயசீலன்


சிதம்பரம்
16-8-2008

ப்ரீத்தியின் அப்பாவுக்கு,

நலம். மாசியும் கடிதமும் வந்தன. கடிதம் முழுக்க மாசி வாடை.

எழுதியபடியே செய்தேன். தாளிக்கவில்லை, கை துறுதுறுத்தது, அடக்கிக்கொண்டேன். மாசியைச் சீவிச் சுடுதண்ணீரில் ஊறவைத்து, எப்போதும்போல அந்தப் பழுப்புத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, வேறு தண்ணீரில் போட்டுச் சோயா சாஸ், சர்க்கரை சேர்த்தேன். வெறும் உப்புத்தண்ணீர்தான் வந்தது. அண்ணன் விரலால் தொட்டு நக்கிப் பார்த்து, “ஏம்மா, மச்சான் அங்க போயி இதத்தான் படிச்சிட்டு வந்தாரா? இதுக்கு ஆறிப்போன ரசமே தேவல” என்றார். ப்ரீத்திக்குக் கண் கலங்கிவிட்டது. “சும்மா இருங்க மாமா. அப்பா செஞ்சா இப்படி இருக்காது” என்றாள்.

எதையோ எழுதாமல் மறைத்துவிட்டீர்கள். என்மேல் உள்ள கோபத்தைப் பிள்ளையின் விருந்தில் காட்ட வேண்டாம். ஞாயிறு விருந்துக்கு உங்களையும் வரச்சொல்லி எழுதச் சொன்னாள் ப்ரீத்தி. சொன்னது அவள்தான். நான் இல்லை.

இனிஷியலோடு கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். கரண்ட் ஆபீஸிலிருந்து வந்ததோ என்று பயந்துவிட்டேன்.

ப்ரீத்தியின் அம்மா


செம்மண்டலம், கடலூர்
19-8-2008

அனு,

மறைத்தேன் என்று எழுதினாயே, அது பொய். நீ கொட்டிய பழுப்புத் தண்ணீர்தான் சாறு!

கருவாடு என்றால் முதல் தண்ணீரைக் கொட்டுவது நம் கடற்கரைக் கைப்பழக்கம். மணலும் உப்பும் போக வேண்டும். மாசியில் மணலும் இல்லை, அந்த அளவு உப்பும் இல்லை. தண்ணீரை வைத்துக்கொண்டு மாசியை எடுத்துவிட வேண்டும். நேற்று நானே செய்து பார்த்தேன். நாகசாகியில் தொட்டுச் சாப்பிட்ட அதே ருசி. எடுத்த மாசியை ஆசை தீரத் தாளித்து உன் அண்ணனுக்குப் போடு.

அவர் சிரித்ததை நான் மறக்கப்போவதில்லை. ப்ரீத்தி சர்ச்சில் முதன்முதலாக நற்கருணை வாங்கிய அன்று, அந்தப் புதுநன்மை விருந்தில் பெற்ற அப்பனைக் கடைசிப் பந்தியில் உட்காரவைத்ததையும் மறக்கப்போவதில்லை. நீ பார்த்துக்கொண்டுதான் நின்றாய்.

முள்ளங்கியைப் பரிமாறும் நேரத்தில்தான் துருவ வேண்டும். முன்பே துருவினால் வாடை வந்துவிடும். அந்த வேலையை உன்னிடமோ உன் அண்ணனிடமோ விடுவதாக இல்லை. ஞாயிறு காலை பஸ்ஸில் வருகிறேன். பேராசிரியர் முதல் இறாலைத் தொட்டுச் சாப்பிடும்போது ராபர்ட் எதிரில் இருக்கட்டும். நான் அடுப்பங்கரையில் நிற்பேன். உள்ளே வந்து உட்காரச் சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம்.

கீழே என்ன போடுவது என்று பேனாவோடு உட்கார்ந்திருக்கிறேன். இனிஷியல் போட்டால் கரண்ட் ஆபீஸ் என்பாய். ‘உன்’ என்று ஆரம்பித்தால் அடுத்த சொல்லை நீதான் சொல்ல வேண்டும். காலியாகவே விட்டு, இப்போதே கொண்டுபோய்த் தபால் பெட்டியில் போடுகிறேன்.