வைக்கோல் நிறத் தேள்

இன்று காலை வாசலில் என் பனிச்சப்பாத்துகளைக் கவிழ்த்து இரண்டு தட்டுத் தட்டினேன். "அம்மா, டோர்செட் பார்க் வீட்டிலை உதுக்குள்ளை என்ன கிடக்கப்போகுது?" என்று மகள் சிரித்தாள். அவளுக்கு என்ன தெரியும். நீர் இருந்திருந்தால் உம்முடையதையும் சேர்த்துத் தட்டியிருப்பீர்.

எழுபதுகளின் நடுவில் ரொறொன்ரோவில் தமிழ் முகம் காண்பதே அபூர்வம். பல்கலைக்கழகத்தில் நாம் இருவரும் சினேகிதிகளாக ஒட்டிக்கொண்டதில் அதிசயமில்லை. ஸ்பானிஷ் படித்தால் கோடையில் மெக்சிக்கோ போகலாம் என்று என்னை இழுத்துப் போனது நீர்தான். யாழ்ப்பாணத்தில் இருந்த உம்முடைய அம்மாவுக்கு மட்டும் அதைப் பற்றி மூச்சு விடவில்லை.

அங்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை, வகுப்பே திரண்டு ஒரு பழைய கரும்புப் பண்ணை மாளிகையைப் பார்க்கப் போனது. ஸ்பானியர் ஆண்ட காலத்தில் கட்டியது; அப்போது ஹோட்டலாகியிருந்தது. ஆலை இருந்த இடத்தில் நீச்சல் குளம். அந்தத் தடித்த சுவர்களைக் கண்டதுமே எனக்குப் பிடிக்கவில்லை. கரும்பு வெட்டியவர்களை எங்கே அடைத்து வைத்தார்களோ என்று கண் தேடியது. நீர் எதையும் யோசிக்காமல் தோட்டத்துக் கோடியில் இருந்த சிறு தேவாலயத்துக்கு நடந்தீர்.

மற்றவர்கள் சப்பாத்தோடு உள்ளே போக, நாம் இருவரும் மட்டும் வாசலில் செருப்பைக் கழற்றினோம். "ஆருடைய கோயில் எண்டாலும் கோயில்தானே," என்றீர். திரும்பி வந்து காலை நுழைத்ததும் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டீர். செருப்பிலிருந்து ஒரு தேள் ஓடியது. வைக்கோல் நிறம், சுண்டுவிரல் அளவுகூட இல்லை. ஊரில் கருந்தேள் கண்ட எனக்கு அது ஒரு பொருட்டாகவே படவில்லை. வெங்காயம் தேய்த்தால் சரியாகிவிடும் என்று ஹோட்டல் சமையலறைக்குப் போய்க் கேட்டேன்.

சமையல்காரி வெங்காயத்தை நீட்டியபடி எதற்கு என்றாள். தேளுக்கு ஸ்பானிஷ் தெரியாமல் கையை வாலாக வளைத்துக் காட்டினேன். என்ன நிறம் என்றாள். கூடையில் கிடந்த காய்ந்த சோளமடலைத் தொட்டேன். அவள் முகம் வெளிறியது. வெங்காயத்தைப் போட்டுவிட்டுச் சாரதியைக் கூப்பிட்டபடி ஓடினாள். அப்போதுதான் விஷயம் விளங்கி நானும் பின்னால் ஓடினேன்.

ஹோட்டல் வாகனத்தில் உம்முடைய தலை என் மடியில் கிடந்தது. "நாக்கு மரத்துப்போச்சு. அம்மாவுக்கு எழுதிப்போடாதையும்," என்று குழறினீர். விஷத்துக்கு ஊசி பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறது, அதுவரை தூங்க விடாதே என்றாள் கூட வந்த சமையல்காரி. என்ன பேசுவது? உம்முடைய தோளை உலுக்கிக் கேட்டேன்.

"எங்கடை ரொறொன்ரோ ரயிலிலை பின்ச்சிலையிருந்து ஸ்ரேசன் பேரெல்லாம் சொல்லும்."

பின்ச், ஷெப்பர்ட், யோர்க் மில்ஸ், லோரன்ஸ், எக்ளிண்டன். அதோடு உம்முடைய குரல் நின்றுவிட்டது. உம்முடைய நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அவ்வளவு பயந்தது என் வாழ்நாளில் இல்லை.

"அடுத்தது என்ன? சொல்லுமன்."

மூன்றாம் தரம் கேட்டபோது, "டேவிஸ்வில்," என்றீர், எரிச்சலோடு.

ஊசி போட்டு மறுநாளே எழுந்திருந்து, நான் வெங்காயம் வாங்கப் போன கதையை வகுப்பு முழுவதற்கும் சொல்லிச் சிரித்தீர். உம்முடைய அம்மாவுக்கு நான் எழுதவேயில்லை.

போன மாசியில் ஆஸ்பத்திரியில் உம்முடைய காதருகே குனிந்து அதே பெயர்களை நான் சொன்னேன். எக்ளிண்டன் வந்ததும் நிறுத்திக் காத்திருந்தேன். நீர் அடுத்ததைச் சொல்லவில்லை.

கண் டாக்டரிடம் போக இப்போதும் அந்த ரயில்தான். எக்ளிண்டனில் கதவு மூடுகிறது. அடுத்தது வரும் என்று எனக்குத் தெரியும். வரும்வரை என் கையை நானே இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.