குளிரின் கூட்டுத்தொகை

யாகூத்ஸ்க்
21 நவம்பர் 1978

அன்புள்ள அக்சீனியா,

நானும் நம் பெண் சார்தானாவும் நலம். ஆகஸ்டில் உன்னைப் பார்த்தவள், "அம்மா முகமே மறந்துபோகும்போல இருக்குப்பா" என்று தினமும் நச்சரிக்கிறாள்.

நகரத்து வேலையை விட்டுவிட்டேன். உனக்குச் சம்மதமென்றால் ஊருக்கே வந்துவிடுகிறேன். இரண்டு வருஷம் முறைத்துக்கொண்டு இருந்தது போதும். லாரியில் சாமான் ஏற்றியாயிற்று. அக்கரைக்கு வர லீனா ஆறு உறைந்து வழிவிட வேண்டியதுதான் பாக்கி. நீ சொல்லித்தந்த கணக்கைத்தான் போடுகிறேன்: தினமும் பூஜ்யத்துக்குக் கீழே எத்தனை டிகிரியோ, அதைக் கூட்டிக்கொண்டே வருவது. நேற்றோடு அறுநூறு. அப்படியானால் பனிக்கட்டி அறுபது சென்டிமீட்டர், லாரி தாங்கும். சரிதானே?

கவ்ரீல்

வலக்கரை வானிலை நிலையம்
24 நவம்பர்

கவ்ரீல்,

வா. சம்மதம். இதை எழுதுவதற்குள் மூன்று தாள் கிழித்தேன்.

ஆனால் இப்போது வேண்டாம். உன் கூட்டல் சரி, ஆறு சரியில்லை. ஐந்தாம் தேதியிலிருந்து பனிக்கட்டி மேல் முழங்கால் அளவு வெண்பனி கிடக்கிறது. கம்பளி போர்த்திய மாதிரி. மேலே எத்தனை குளிர் சேர்ந்தாலும் அடிக்கு இறங்க மாட்டேனென்கிறது. இன்று நடு ஆற்றில் துளை போட்டு அளந்தேன், முப்பத்தாறுதான். சாலை அதிகாரி இன்னும் பாதையைத் திறக்கவில்லை. பனியை வழித்துத் தள்ளினால் டிசம்பர் நடுவில் சரியாகிவிடும். பொறு.

சார்தானாவுக்கு மான்தோல் பூட்ஸ் தைத்திருக்கிறேன். கால் வளர்ந்திருக்குமோ என்னவோ.

அக்சீனியா

யாகூத்ஸ்க்
28 நவம்பர்

அக்சீனியா,

பொறு, பொறு! போன வருஷமும் இதையேதான் எழுதினாய்: "முப்பதுதான் இருக்கிறது, வராதே." அங்கே ஊரில் அப்பா படுக்கையில் கிடக்க, நடந்து வரும் தூரமுமில்லாமல், உன் எண்ணை நம்பி லாரியோடு இந்தக் கரையில் நின்றேன். மற்றவர்கள் துணிந்து போனார்கள், ஒரு லாரிகூட மூழ்கவில்லை. நாலாம் நாள் அப்பா போய்விட்டார். டிரைவர்கள் இன்னும் கேலியை விடவில்லை: "என்ன கவ்ரீல், பெண்டாட்டிகிட்டேர்ந்து உத்தரவு வந்துடுச்சா?"

உன்னைக் குறை சொல்லவில்லை. உனக்குப் பயம் ஜாஸ்தி, அவ்வளவுதான். எண்ணூறு தாண்டிவிட்டது. ஞாயிறு காலை கிளம்புகிறோம். சார்தானா என் பக்கத்து சீட்டில். குதிரைக்கறி சூப் வைத்திரு.

கவ்ரீல்

வலக்கரை
1 டிசம்பர்

கவ்ரீல்,

நாளை தபால் விமானத்தில் இது உன் கைக்கு வரும். உட்கார்ந்து படி.

எனக்குப் பயம் ஜாஸ்தி இல்லை. போன வருஷம் துளையில் எழுபது இருந்தது. நான்தான் முப்பது என்று எழுதினேன். என்னை விட்டுப் போனாயே என்ற ஆத்திரம். ஒரு வாரம் கரையில் நின்று தவிக்கட்டும் என்று நினைத்தேன். மாமா அவ்வளவு சீக்கிரம் போய்விடுவார் என்று சத்தியமாகத் தெரியாது. கடைசி நாள்கூட, "லாரிச் சத்தம் கேக்குதாம்மா?" என்றார். "இல்ல மாமா" என்றேன்.

இதைச் சொல்லாமலே செத்துப்போக வேண்டும் என்றுதான் இருந்தேன். இந்த வருஷ எண்ணை நீ நம்ப வேண்டுமே, அதற்காகச் சொல்கிறேன். இன்றைக்கு நாற்பத்தொன்று. லாரிக்கு அறுபது வேண்டும். என்னை எவ்வளவு வேண்டுமானாலும் வெறுத்துக்கொள். பிள்ளையை மட்டும் ஏற்றாதே.

அக்சீனியா

யாகூத்ஸ்க்
3 டிசம்பர்

அக்சீனியா,

லாரியை எடுக்கவில்லை. இந்த எண்ணை நம்பினேன்.

சாமானை இறக்கிவிட்டேன். வேலையைத் திரும்பக் கேட்டிருக்கிறேன், தருவார்கள். பாதை திறந்ததும் சார்தானா சாலை அதிகாரியின் வண்டியில் வருவாள். விடுமுறை முழுக்க உன்னோடு இருக்கட்டும். அவளிடம் எதுவும் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே. "ஏம்பா நீ வரல?" என்று அழுகிறாள். பூட்ஸை இரண்டு விரல் பெரிதாக்கு, கால் வளர்ந்துவிட்டது.

நான் வரவில்லை. இந்த வருஷமும் இல்லை, இனிமேலும் இல்லை.

லாரிச் சத்தம் கேட்கிறதா என்று அப்பா விசாரித்ததை மட்டும் நீ எழுதியிருக்க வேண்டாம்.

கவ்ரீல்