தாராபுரத்துக்காரியிடம் கேட்ட கேள்வி

டெக்சாஸ், 20.7.1998

அன்புள்ள அப்பாவுக்கு,

லோகப்பிரியா எழுதுவது. நான் சுகம். உங்கள் முட்டிவலி தேவலையா? அம்மாவுக்கு இருமல் நின்றதா?

போன வாரம் விமானப் பயிற்சியில் ஒரு கூத்து. பயப்படாதீர்கள், பக்கத்திலேயே வாத்தியார் இருந்தார். வெளியே எதுவும் தெரியாதபடி எனக்கு ஒரு மறைப்பை மாட்டி, கருவிகளை மட்டும் பார்த்து வடக்கே ஓட்டச் சொன்னார். விமானத்தின் மூக்கு வடக்கே இருப்பதாகத் திசைகாட்டி காட்டியது. நாங்கள் கொஞ்சம் கிழக்கே தள்ளிப் போவதாக ஜி.பி.எஸ். காட்டியது. செயற்கைக்கோள் பொய் சொல்லுமா என்று திசைகாட்டியின் குமிழைத் திருகி, இரண்டையும் ஒன்றாக்கிவிட்டேன். அப்போதைக்குச் சரியாகத்தான் போனது. மேற்கே திரும்பி மறைப்பை எடுத்தால், நேரே இருக்க வேண்டிய ஓடுபாதை எங்கோ வலப்பக்கம் கிடக்கிறது!

நான் திருகும்வரை இரண்டு கருவியும் சரிதான், மேற்கேயிருந்து தள்ளிய காற்றைத்தான் நான் மறந்துவிட்டேன். "உங்கள் ஊரில் காற்றே அடிக்காதா?" என்று கேட்டார் வாத்தியார். தாராபுரத்துக்காரியிடம்!

ஆடி மேல்காற்றில் வடக்கே காங்கயத்துக்கு மொபெட்டில் போகும்போது, "கெட்டியாப் புடிச்சுக்க அம்மணி, ஏண்டில்பார மேக்கால சாச்சாத்தான் வண்டி நேரா போவும்" என்பீர்களே, அதேதான். மறுநாள் மூக்கை மேற்கே சாய்த்தே ஓட்டினேன். நூல் பிடித்த மாதிரி வந்தது.

வியாழக்கிழமை தேர்வு. தேறிவிடுவேன்.

ஆடி முடிவதற்குள் நம் வாசலில் அடிக்கிற காற்றை ஒரு கேசட்டில் பிடித்து அனுப்புங்கள். பாடத்துக்குத்தான். நடுவில் நீங்களோ அம்மாவோ பேசிவிட்டால் அழிக்க வேண்டாம்.

கூப்பிடுகிறார்கள், வாரேனுங்க.

லோகு