நிறம் பூசாத மூலை

ஒக்டோபர் 13, திங்கள்

காலையில் வெயில். பிற்பகல் இரண்டுக்கு வழக்கம்போல் இடி, மழை. கரன்ட் போனது, ஐந்துக்கு வந்தது.

காலில் மாவுக்கட்டுப் போட்டுப் பத்தொன்பதாம் நாள். உள்ளே அரிப்பு தாங்கவில்லை. ஈர்க்கு விட்டுச் சொறிந்தேன். அண்ணி பார்த்துவிட்டார்.

"நோண்டாத மாலா. புண்ணாயிருச்சின்னா டொக்டருக்கு யாரு பதில் சொல்றது?"

இன்றைய வேலைகள்:
– மண்சரிவு வரைபடத்தில் அடுக்குகளைப் பதினொன்றிலிருந்து ஐந்தாகக் குறைப்பது. பாறை வகை, பாறை சாய்வு, வெடிப்பு, ஊற்று, பழைய மண்சரிவு. மற்றதெல்லாம் ஒரு பொத்தானுக்குப் பின்னால். முடிந்தது.
– நிறக் குறிப்பு மூன்று மொழியில். சிங்களம், ஆங்கிலம் சரி. தமிழ் பாக்கி. தமிழச்சி செய்கிற வேலையில் தமிழ்தான் எப்போதும் பாக்கி.
– தீபாவளிச் சாமான் லிஸ்ட் அண்ணிக்கு எழுதிக் கொடுப்பது. மறந்தேன்.

அண்ணனுடைய பழைய போனில் சோதனைப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். கண்ணாடி உடைந்த அந்தப் போனில் ஓடினால் இலங்கையில் எந்தப் போனிலும் ஓடும். ஒரு இடத்தைத் தொட்டால் கீழே என்ன பாறை, எந்தப் பக்கம் சாய்வு, மண் சரியுமா என்று சொல்ல வேண்டும். ஏழு விநாடியில் சொன்னது. பரவாயில்லை.

கொழும்பிலிருந்து, வேலை கொடுத்த நிஹால் சேர் கோல். சிங்களத்தில் ஒரே பாராட்டு. "இப்போதுதான் சுத்தமாக இருக்கிறது. முன்னே அழுக்குத் துணி மாதிரி இருந்தது." வெள்ளிக்கிழமை காலை அதிகாரிகளுக்குக் காட்டுகிறாராம்.

ஆஸ்பத்திரியிலிருந்து அண்ணன் நேரே இந்தத் தோட்டத்து லயத்து வீட்டுக்குத் தூக்கி வந்தான். அறை என்று ஒரே காம்பரா. சிக்னல் பின் ஜன்னலோரம் மட்டும் வரும், அதனால் கட்டில் அங்கே. ஜன்னலில் தெரிவது: அடுத்த லயத்துத் தகரக் கூரை, கொய்யா மரம், கொடியில் பக்கத்துக் காம்பரா லெச்சுமி அக்காவின் உள்பாவாடை. பத்தொன்பது நாளாக இதே மூன்றும். மாவட்டத்துக்கே வரைபடம் செய்கிறவளுக்குக் கக்கூஸுக்குப் போக ஒரு தோள் வேண்டியிருக்கிறது.


ஒக்டோபர் 14, செவ்வாய்

மந்தாரம். மழை இல்லை. துணி காயவில்லை.

பலாபத்வல ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து அண்ணன் இன்று சீக்கிரம் வந்துவிட்டான். முன்னால் இஸ்தோப்புத் திண்ணையில் ஒரே பேச்சு. வீடு கட்டக் காணி கொடுக்கப் போகிறார்களாம், இந்த லயத்து ஆறு குடும்பத்துக்கும். இரண்டு இடம் காட்டியிருக்கிறார்கள். ஒன்று ரோட்டுக்கு மேலே பழைய ரப்பர் மலை. மற்றது பின்னால், மிளகுத் தோட்டம் தாண்டிய சரிவு. எது வேண்டும் என்று வியாழக்கிழமை தோட்டத் தலைவர் வந்து கையெழுத்து வாங்குவார்.

காது கொடுத்துக் கேட்டேன். கட்டிலில் கிடக்கிறவளுக்குக் காதாவது நடக்கிறது.

லெச்சுமி அக்கா: "ரோட்டுப் பக்கம்னா புள்ளைங்க ஸ்கூலுக்குப் போக லேசு."

அண்ணன்: "லேசு தான். ஆனா பாருங்க, அது மஞ்ச. மஞ்சன்னா கவனம்னு சிங்களத்துல போட்டிருக்கு. இந்தா பின்னால பாருங்க. செவப்பு இல்ல, மஞ்ச இல்ல, பச்ச கூட இல்ல. வெள்ளையா சுத்தமா இருக்கு. அங்க ஒண்ணுமே இல்லைங்கிறேன்."

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? மேப்பு செஞ்சதே என் தங்கச்சி. உள்ளுக்கு தான் படுத்திருக்கு."

நேற்று சோதிக்கத் திறந்த பக்கம். அவன் போனிலேயே விட்டுவிட்டேன்.

"அண்ணே" என்று கூப்பிட்டேன். கேட்கவில்லையா, கேட்டும் வரவில்லையா தெரியாது. எல்லோரும் சிரித்துக்கொண்டு கலைந்தார்கள். ஊன்றுகோல் கைக்கு எட்டாத மூலையில் சாய்ந்து நின்றது.

வெள்ளை என்றால் சுத்தம் இல்லை. வெள்ளை என்றால் யாரும் போய்ப் பார்க்கவில்லை. வேறு யாரும் வாசிக்காத புத்தகம் இது, இங்கேயாவது முழுதாக எழுதுகிறேன்.

ஆய்வு நடக்காத இடத்துக்கு முதலில் சாம்பல் கோடு போட்டிருந்தேன். நிஹால் சேர் எடுக்கச் சொன்னார். ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. சந்தோஷமாக எடுத்தேன். நிறக் குறிப்பிலிருந்தும் அந்த வரியை எடுத்தேன். ஏன் சந்தோஷம்? அந்த மூலை விடுபட்டதற்குக் காரணம் நான்.

ஆய்வுக் குழுவோடு நானும் போனேன், அவர்கள் விவரம் பதிகிற படிவம் மலையில் எப்படி ஓடுகிறது என்று பார்க்க. காட்டுப் பக்கமாக ஏறி, முகட்டைத் தாண்டி இந்தப் பக்கம் இறங்கினோம். தோட்டத்தில் யாரும் எங்களைப் பார்க்கவில்லை. அந்தச் சரிவில்தான் விழுந்தேன். வேலையை அப்படியே போட்டுவிட்டு இரண்டு பேர் மாறி மாறி என்னைச் சுமந்து, வந்த வழியே திரும்பினார்கள். அவர்களுக்குக் கொடுத்திருந்த நாள் அன்றோடு சரி. பிறகு யாரும் போகவில்லை.

வீட்டில் சொன்னது வேறு. "ரெஸ்ட் ஹவுஸ் படியில வழுக்கிட்டேன்." ஆம்பளைகளோடு காட்டுக்குப் போகக் கூடாது என்று அண்ணன் தலையால் தண்ணீர் குடித்திருந்தான். போகமாட்டேன் என்று நானும் அம்மா படத்துக்கு முன்னால் சொல்லியிருந்தேன்.

தட்டைப் பாதியில் தள்ளி வைத்தேன். அண்ணி கருவாட்டைக் குறை சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்.


ஒக்டோபர் 15, புதன்

விடியும்போதே தூறல். கொய்யா மரத்தில் அணில்.

அண்ணனைக் காலையிலேயே பிடித்தேன். ரொட்டியும் சம்பலும் தின்றுகொண்டிருந்தான்.

"அண்ணே, அந்தப் பின்பக்கம் வேணாம். வெள்ளைன்னா நல்லதுன்னு அர்த்தம் இல்ல. பாக்கலைன்னு அர்த்தம்."

"கெட்டதுன்னு அர்த்தமா?"

"அதுவும் தெரியாது."

"அப்ப என்னா தான் தெரியும் ஒனக்கு?"

தட்டில் இருந்த ரொட்டிகளை அடுக்கிக் காட்டினேன். தட்டைச் சாய்த்தால் மேல் ரொட்டி வழுக்கும். மலையும் பாறையும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால், தண்ணீர் இறங்கினால் அப்படித்தான். அவன் கவனமாகப் பார்த்தான். அந்த ஒரு நிமிஷம் நம்பினேன்.

"அங்க அப்படியா சாஞ்சிருக்கு?"

"தெரியாதுண்ணே."

"தெரியாதத வெச்சி ஏன் புள்ள பயமுறுத்துற? ரோட்டுப் பக்கம் மஞ்சன்னு ஒன் மேப்பே சொல்லுது. அஞ்சு குடும்பத்துக்கிட்ட நான் வாய விட்டுட்டேன். இப்ப போயி என் தங்கச்சிக்கு ஒண்ணுந் தெரியாதுன்னு சொல்லவா?"

ஏன் பார்க்கவில்லை என்று மட்டும் அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா? சொல்லியிருக்கமாட்டேன். கோழை.

அண்ணி பாத்திரம் கழுவிக்கொண்டே: "ஏன் மாலா, அந்தப் பக்கம் போனா ஒனக்கு ஒரு ரூம்பு தனியா கட்டலாம்னு தானே அவரு சொல்றாரு. ஒனக்குப் புடிக்கலியா?" கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெங்காயம் என்றேன். வெங்காயம் அங்கே இல்லை.

பத்து மணி. ரிஸ்வானுக்கு கோல். மாத்தளை டவுன்காரர், குழுவில் பாறை பார்த்தவர், அன்று என்னைச் சுமந்தவர்களில் ஒருவர்.

"அந்தச் சரிவா? ரெண்டு மரம் சாஞ்சி நின்டது. ஒரு ஊத்து மாதிரி ஈரம். மிச்சம் பாக்க முந்தி நீங்க விழுந்திட்டீங்க."

"சிவப்பு போட அந்த அளவு காணாதா?"

"காணா தங்கச்சி. ரெண்டு மரத்த வெச்சி நான் எப்படிச் சொல்ற? மரம் காத்துக்கும் சாயும். ஆனா ஒண்டு, எனக்கு அங்க வீடு தந்தா எடுக்கமாட்டேன். இத எழுத்தில கேக்காதீங்க."

நிஹால் சேருக்கு கோல். சாம்பல் கோட்டைத் திரும்பப் போடலாமா என்று கேட்டேன். மக்கள் தவறாக வாசிக்கிறார்கள் என்றேன்.

"எந்த மக்கள்? இன்னும் வெளியிடவே இல்லையே. யாருக்குக் காட்டினாய்?"

சாம்பல் கோட்டையே மறுபடி கேட்டேன். சாம்பல் போட்டால் வேலை முடியாத மாதிரி தெரியும் என்றார். முடியவில்லைதானே சேர் என்றேன். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு பேசுவோம் என்று வைத்துவிட்டார்.

வெள்ளிக்குப் பிறகு. வியாழன் கையெழுத்து. நடுவில் நான், மாவுக்கட்டோடு.

லிஸ்ட் எழுதிக் கொடுத்தேன்: உளுந்து 1 கிலோ, சீனி 2, முந்திரிகை வத்தல், தேங்காய் எண்ணெய். கைக்கு வேலை வேண்டியிருந்தது.


ஒக்டோபர் 16, வியாழன்

வெயில். பிறகு புழுக்கம். மழை வரும் போலிருந்து வரவில்லை.

சேர் நாளை திறந்து காட்டப் போவதும் இதே பக்கம்தான். அண்ணன் போனில் இருப்பதும் இதே. ஒன்றை மாற்றினால் இரண்டும் மாறும். வேலை போகலாம். போகட்டும் என்று எழுத நன்றாக இருக்கிறது. போனால் அண்ணி கொழுந்து பறிக்கிற சம்பளத்தில்தான் நானும் சாப்பிட வேண்டும்.

மு.ப. 11. சாம்பல் கோடு திரும்பப் போட்டேன். தடிப்பாக. நிறக் குறிப்பில் ஒரு வரி. அந்த இடத்தைத் தொட்டால் வரும் வாசகம்தான் வரவில்லை. "ஆய்வுத் தரவுகள் கிடைக்கப்பெறவில்லை" என்று எழுதினேன். யாருக்கும் புரியாது, யாருக்கும் கோபம் வராது. அழித்தேன். நாலு தடவை எழுதி அழித்தேன். கடைசியில் மனுஷர் பேசுகிற மாதிரி எழுதினேன். எழுதிய கையோடு பொத்தானை அழுத்தினேன், இல்லாவிட்டால் அழுத்தமாட்டேன்.

பி.ப. 4. மாலைப் பிரட்டில் கணக்குக் கொடுத்து வேலை முடிந்து எல்லோரும் இஸ்தோப்புக்கு வந்தார்கள். தலைவர் வெள்ளைச் சட்டை, கையில் தாள். அண்ணியை வரச் சொல்லி அவர் தோளைப் பிடித்துக்கொண்டு வாசலில் போய் உட்கார்ந்தேன்.

தலைவர் அண்ணனிடம்: "என்னா ராசு, பின்பக்கம் தானே? ஆறு பேரும் வைங்க கையெழுத்து."

"அண்ணே, கையெழுத்துப் போட முந்தி ஒரு தடவ மேப்ப தொறந்து பாரு" என்றேன்.

"பாத்தாச்சு பாத்தாச்சு."

"திரும்பப் பாரு. எல்லாருக்கும் கேக்குற மாதிரி வாசி."

என் முகத்தில் என்ன கண்டானோ, போனை எடுத்தான். ஏழு விநாடி. ஏழு விநாடி இவ்வளவு நீளம் என்று தெரிந்திருந்தால் இன்னும் குறைத்திருப்பேன்.

எழுத்துக் கூட்டி வாசித்தான். "இந்த இடத்தை யாரும் முழுதாகப் போய்ப் பார்க்கவில்லை. நல்ல இடமா, ஆபத்தான இடமா என்று தெரியாது. பார்க்க வந்த குழு பாதியில் திரும்பியது. குழுவில் ஒருவர் விழுந்து கால் முறிந்தது."

லெச்சுமி அக்கா: "அடப் பாவமே. யாரு கால்?"

அண்ணன் போனைப் பார்த்தான். பிறகு என் மாவுக்கட்டைப் பார்த்தான்.

"ரெஸ்ட் ஹவுஸ் படியா?"

"இல்லண்ணே. அங்க தான். ஒனக்குப் பொய் சொன்னேன்."

அடிப்பான் என்று நினைத்தேன். சின்ன வயதில் அடித்திருக்கிறான். தலைவர் பேனாவை நீட்டியபடியே நின்றார். அண்ணன் வாங்கவில்லை. "நாளைக்கு சொல்றோம் தலைவரே" என்றான், வேறு யாரோ பேசுகிற மாதிரிக் குரலில்.

இரவுச் சாப்பாட்டை இஸ்தோப்பில் உட்கார்ந்தே சாப்பிட்டான்.


ஒக்டோபர் 17, வெள்ளி

நல்ல வெயில். மலை முகடு தெளிவாக, என்று அண்ணி சொன்னார். ஜன்னலில் முகடு தெரியாது.

விடிந்ததும் அண்ணன் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றான். கையில் கொப்பித் தாள்.

"என்னென்ன பாக்கணும்? எழுதித் தா."

எழுதினேன்:
1. சாய்ந்த மரங்கள். எத்தனை, எந்தப் பக்கம்.
2. ஊற்று, ஈரம்.
3. தரையில் வெடிப்பு. இருந்தால் நீளம், ஆழம்.
4. பாறை தெரிந்தால் எந்தப் பக்கம் சாய்வு. (ரொட்டி.)
5. வெடிப்பைக் கண்டால் அதற்கு மேலே ஏறக் கூடாது. மழைக்கு முன் இறங்கிவிட வேண்டும்.

ஆறு வீட்டிலும் ஒருவர் வீதம், கத்தியும் மம்பட்டியும் எடுத்துக்கொண்டு போனார்கள். லெச்சுமி அக்காவும் போனார். நான் மட்டும் இங்கே. போக வேண்டியவள் நான்தான். கொய்யா, தகரம், உள்பாவாடை.

10.15. நிஹால் சேர். எடுக்கவில்லை.
10.20. சேர்.
10.40. சேர்.

11.05. அண்ணன். மூச்சு வாங்குகிறது.

"எழுதிக்க. சாஞ்ச மரம் ஒம்பது. எல்லாம் கீழ்ப் பக்கம். ஊத்து ரெண்டு. வெடிப்பு இருக்கு மாலா. இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போகுது. கைய விட்டுப் பாத்தேன், முழங்கை வரைக்கும் போயிருச்சி."

"அண்ணே, எறங்கு."

"நம்ம எடுக்க இருந்த காணிக்கு நடுவால போகுது."

"எறங்குன்னு சொல்றேன்ல!"

"இரு. ஒன் காலு சப்பாத்து ஒண்ணு இங்க கெடக்கு. எடுத்துட்டு வாறேன்."

லைன் வெட்டுப்பட்டது.

படிவத்தைத் திறந்தேன், நான் மலைக்குப் போய்ச் சோதித்த அதே படிவம். மரம் 9. ஊற்று 2. வெடிப்பு, ஆம். "பார்த்தவர் பெயர்" நிரப்பாமல் பதிய விடாது, அந்த விதி நானே வைத்தது. அண்ணன் பெயரைப் போட்டேன். சாம்பலுக்கு நடுவில் ஒரு புள்ளி வந்தது.

12.50. ஆறு பேரும் வந்துவிட்டார்கள். எண்ணினேன், இரண்டு தடவை. முழங்கால் வரை சேறு. அண்ணன் சப்பாத்தைக் கழுவி மாவுக்கட்டுக்குப் பக்கத்தில் வைத்தான். "இனிமே எங்க போனாலும் எங்க போறேன்னு சொல்லிட்டுப் போ" என்றான். அழுதேன். வெங்காயம் என்று சொல்லவில்லை.

முதல் இடி.

1.10. மறுபடி சேர். எடுத்தேன். அவர் கத்தி முடிக்கும் வரை காத்திருந்து சிங்களத்தில் சொன்னேன்: "சேர், அந்த மூலையில் இப்போது ஒரு புள்ளி இருக்கிறது. தொட்டுப் பாருங்கள்."