ஏரோதின் அரண்மனையும் பதினொரு மணி பாக்ரியும்

1978 டிசம்பர் 4, திங்கள்

குளிர். ஸ்வெட்டருக்கு மேல் சால்வை. காலையில் ஆஸ்பத்திரி. சர்க்கரை ஏறித்தான் இருக்கிறது. டாக்டர் என் முகத்தைப் பார்க்கவில்லை, சீட்டைத்தான் பார்த்தார். மாத்திரை கூடியது. பிறகு டயட்டீஷியன் அறை. குல்கர்ணி என்று ஒரு சின்னப் பெண். ஓட்ஸ் கஞ்சி, டோஸ்ட், வேகவைத்த காய் என்று அச்சடித்த தாளை நீட்டினாள். இதைத் தின்று நூறு வருஷம் இருப்பதைவிட அச்சு முறுக்கு தின்று சீக்கிரம் போகிறேன் என்றேன், ஹிந்தியில். அவள் கோபப்படவில்லை. வீட்டில் என்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்டாள். பிறகு நல்ல பேரம். இட்லிக்குப் பதில் இந்த ஊர்ச் சோள ரொட்டி, பாக்ரி, எத்தனை; சோற்றுக்கு எவ்வளவு பயறு. கணக்கு டீச்சரிடம் விகிதம் பேசினால் நடக்குமா? ஓட்ஸ் ஒழிந்தது. சோள பாக்ரி, முளைகட்டிய பயறு, கீரை, மோர்.

ஒன்றில் மட்டும் அவள் பிடி தளரவில்லை. காலையில் மாத்திரை போட்டால் பதினொரு மணிக்குச் சாப்பிட்டே ஆக வேண்டும், இல்லாவிட்டால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிடுமாம். நின்றபடி அள்ளிப் போட்டுக்கொள்வது கூடாது. “பைட் கே, மேடம். பைட் கே.” உட்கார்ந்து.

பார்ப்போம்.

டிசம்பர் 5, செவ்வாய்

ஹெட்மிஸ்ட்ரஸ் கூப்பிட்டார். உடம்பு முடியாதவர் எதற்கு அலைய வேண்டும், கிறிஸ்மஸ் நாடகத்தின் பின்திரையை சினிமா பேனர் எழுதுகிறவரிடம் கொடுத்துவிடலாம், நீங்கள் சீஃப் கெஸ்ட் பக்கத்தில் சோபாவில் உட்காருங்கள், சால்வை போர்த்துகிறோம். எல்லாம் இங்கிலீஷில், தேன் தடவி. இருக்கும்போதே வழியனுப்பு விழா.

நான் சொன்னது: அந்தத் திரை ஒன்பதாம் வகுப்பின் ஜியாமெட்ரி. ஐந்நூறு வருஷத்துக்கு முன் இத்தாலி ஓவியர்கள் கோடுகளையெல்லாம் ஒரே புள்ளிக்கு இழுத்து, தட்டைச் சுவரில் அரண்மனை கட்டிக் காட்டினார்கள். பெண்கள் அதைக் கையால் செய்து பார்க்கட்டும். அப்போதுதான் வடிவொத்த முக்கோணம் மண்டையில் ஏறும்.

“சனிக்கிழமை பதினாறாம் தேதிக்குள் முடியாவிட்டால்?”

“முடியும்.”

முடியாவிட்டால் வாடகைத் திரை. ஒன்பதாம் வகுப்பும் எனக்கில்லை. அதையும் சிரித்துக்கொண்டே சொன்னார்.

வீட்டில் இவர்: “ஒனக்கு எதுக்கு இந்த வீம்பு? பேசாம சோபால இருந்துட்டு வாயேன்.”

“நீங்க போய் இருங்க. ஒங்களுக்குத்தான் ரிட்டயர் ஆயாச்சுல்லா.”

பாளையங்கோட்டையிலிருந்து அக்கா அனுப்பிய அச்சு முறுக்கு டின், இவர் கையால் அலமாரி உச்சிக்குப் போய்விட்டது.

டிசம்பர் 11, திங்கள்

வாங்கியது: காடாத் துணி, ஆணி, சணல் கயிறு, கரித்துண்டு, பவுடர் கலர், கோந்து.

ஏரோதின் அரண்மனை. தரையில் கறுப்பு வெள்ளைக் கட்டம், இருபுறமும் தூண்கள், தூரத்தில் ஒரு வாசல். துணி ஹால் சுவரில் தொங்குகிறது. அதன் முன்னால் மேடை என்று பேர், ஒரு சாண் உயரப் பலகை. நிற்கிற என் கண் உயரத்துக்கு, கோடெல்லாம் போய்ச் சேரும் புள்ளி வைத்து ஆணி அடித்தேன். பெண்கள் கயிற்றை இழுத்துப் பிடிக்க, கரியால் கோடு. கணக்கு இம்மியும் பிசகவில்லை. நாள் முழுக்க சந்தோஷம்.

பதினொரு மணி பாக்ரி, நின்றபடி இரண்டு வாய். குல்கர்ணி வந்து பார்க்கவா போகிறாள்.

டிசம்பர் 12, செவ்வாய்

அவள் பார்க்கவில்லை, உடம்பு பார்த்துக்கொண்டது. இன்று டப்பாவைத் திறக்கவே மறந்தேன். கை நடுக்கம், வேர்வை, கண் இருட்டு. ஹாலில் விரித்திருந்த ஜமக்காளத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். வகுப்பு லீடர் சுனந்தா சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தாள். பிறகு பாக்ரி, ஒழுங்காக உட்கார்ந்து. பாதி தின்று நிமிர்ந்தால், ஏரோதின் தரை மலை ஏறிக்கொண்டிருக்கிறது.

“சுனந்தா, உனக்குத் தரை எப்படித் தெரியுது?”

தயங்கினாள். “மேலே ஏறுது டீச்சர். நேத்து உட்கார்ந்து பார்த்தப்பவே அப்படித்தான்.”

“சொல்லக் கூடாதா?”

“நீங்க போட்ட கணக்கு தப்பா இருக்காதுன்னு நினைச்சோம்.”

கணக்கு தப்பில்லை, கண்தான் தப்பு. பள்ளிக்கூடமே ஜமக்காளத்தில் உட்கார்ந்து பார்க்கப்போகிறது. நான் நிற்கிறவளின் கண்ணைச் சுவரில் அடித்து வைத்திருக்கிறேன். இருபது வருஷம் பெண்கள் முன்னால் நின்றே பழகிய கண். வெட்கமாக இருந்தது. சிரிப்பும் வந்தது.

ஆணியைப் பிடுங்கினேன். சுனந்தாவைத் தரையில் உட்காரவைத்து அவள் கண் மட்டத்துக்கு இறக்கி அடித்தேன். கரியைத் தட்டிவிட்டு எல்லாக் கோடும் புதிதாக. தரை ஒடுங்கியது, தூண்கள் கிடுகிடுவென்று வளர்ந்தன.

டிசம்பர் 15, வெள்ளி

வர்ணம் முடிந்தது. தினமும் பதினொரு மணிக்கு உட்கார்ந்துதான் சாப்பாடு. பெண்களும் தங்கள் டப்பாவைத் திறந்துகொண்டு சுற்றி உட்காருகிறார்கள்.

ஹெ.மி. வந்தார், நின்று பார்த்தார். தரை பள்ளத்தில் இறங்குகிறதாம். சோபாவில் இருக்கும் சீஃப் கெஸ்டுக்கு இப்படியா தெரிய வேண்டும், மாற்றுங்கள் என்றார்.

“பைட் கே தேகியே, மேடம்.” உட்கார்ந்து பாருங்கள்.

கஞ்சி போட்ட புடவை. உட்காரவில்லை.

இந்தப் படத்தைச் சரியாகப் பார்க்க ஒரே உயரம்தான் உண்டு. அதைச் சோபாவுக்குக் கொடுப்பதா, ஜமக்காளத்துக்குக் கொடுப்பதா? மாற்ற மாட்டேன் என்றேன்.

“அப்படியானால் ஒன்பதாம் வகுப்பு?”

“எடுத்துக்கொள்ளுங்கள்.”

சொல்லிவிட்டேன். அந்த வகுப்பு போனால் எனக்கு என்ன இருக்கிறது? இவரிடம் சொன்னேன். செய்தித்தாளை மடித்து வைத்தார். “நாளைக்கு நானும் வாரேன். கீழயே இருக்கேன்” என்றார். முழங்கால் வலிக்காரர்.

டிசம்பர் 16, சனி

நாடகம். முன்வரிசையில் சோபா. சீஃப் கெஸ்ட் ரிட்டயரான கர்னல், கடக்வாஸ்லா ராணுவ அகாடமி பக்கமிருந்து ஜீப்பில் வந்தார். மாலை போட்டார்கள், கழற்றிப் பக்கத்தில் வைத்தார், எனக்கென்று விட்டிருந்த இடத்தில். நான் ஜமக்காளத்தில். பக்கத்தில் இவர். மடியில் டப்பா.

மேடை விளக்கு எரிந்தது. பெண்கள் பேச்சு அடங்கியது. பின்னால் ஒரு குரல்: “அரே, அந்தர் தக் ஜாதா ஹை.” உள்ளே வரைக்கும் போகிறதாம்.

கர்னல் தலையை இப்படியும் அப்படியும் சாய்த்தார். ஹெ.மி. அவர் காதில் ஏதோ சொல்லி என் பக்கம் கை காட்டினார். முதல் பாட்டு நடக்கும்போதே கர்னல் எழுந்து வந்துவிட்டார்.

“மேடம், உங்கள் தரை ஏன் சரிகிறது?”

“கீழே உட்காருங்கள் சார், சொல்கிறேன்.”

கர்னல் இவர் தோளில் கையை ஊன்றி, முனகிக்கொண்டு உட்கார்ந்தார். பார்த்தார். நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கொஞ்சம் பொறுத்துத் திரும்பி, ஹெ.மி.யையும் கைகாட்டிக் கூப்பிட்டார். சீஃப் கெஸ்ட் கூப்பிட்டால் வராமல் முடியுமா? கஞ்சிப் புடவை மொடமொடவென்று மடங்கியது.

ஒன்பதாம் வகுப்பைப் பற்றி ஹெ.மி. வாய் திறக்கவில்லை. நானும் கேட்கவில்லை. திங்கட்கிழமை நேராக அங்கேதான் போவேன், டப்பாவோடு.

நாடகம் முடிந்து ஹால் விளக்கைப் போட்டபோது, சோபாவில் மாலை மட்டும் உட்கார்ந்திருந்தது.