நிலாவுக்கு நெய்த பெல்ட்

மார்ச் 4, செவ்வாய்

காலை ஒன்பதுக்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. கரண்ட் 11 முதல் 1 வரை இல்லை. தண்ணி கேன் வரவில்லை. மிக்ஸி ஜார் உடைந்தது. உடைத்தது நான்தான். மூடி திறக்கவில்லை, சுவரில் ஒரு போடு.

நிலா பெல்ட் இரண்டாவது லாட் வீரபாண்டி ஊர் ஃபினிஷிங் யூனிட்டிலிருந்து வந்து சேர்ந்தது. நாற்பது மீட்டர். மஞ்சள் நூல். சாதாரணக் கத்தரி போட்டால் கத்தரிதான் மழுங்கும். ஜட்டி எலாஸ்டிக் ஓடுகிற அதே தறியில் நெய்தது என்றால் எவன் நம்புவான்? நிலாவில் இறங்குகிற வண்டியிலிருந்து சரக்குப் பெட்டியைத் தூக்கி இறக்க அரசாங்கத்துக்கு பெல்ட் வேண்டும். அந்த ஆராய்ச்சி ஒப்பந்தம் நெருப்பெரிச்சல் ஊரில் பன்னிரண்டு தறி வைத்திருக்கிற எனக்கு. முதல் லாட் டெஸ்டில் பாஸ். இதுவும் பாஸானால் அடுத்த கட்டம். திங்கள் கமிட்டி நேரில் வருகிறது.

ஒப்பந்தத்தைப் பார்க்கிற பெங்களூர் ஆபீசரம்மா போனில்: "நிலாவுல பெட்டியோட எடை ஆறுல ஒரு பங்குதாங்க. ஆனா ஆடி வந்து மோதுச்சுன்னா இங்க மோதற மாதிரியேதான் மோதும். அதனால அசட்டையா இருக்காதீங்க."

அசட்டையா? நானா?

புது செலான் புத்தகம் வாங்க வேண்டும். வெளியே ஜாப் வொர்க்குக்குப் போகிற சரக்குக்கெல்லாம் என்ன செய்ய வேண்டும் என்கிற செலான் என் கையெழுத்தில்தான் போகும். ஒரு புள்ளியை யாரும் மாற்றக்கூடாது. தீபாவளிக்கு முன்னால் தம்பி பிரகாஷ் ஒரு கலர் நம்பரைத் தானாகத் திருத்தினான், கன்னத்தில் வாங்கினான். அதற்கப்புறம் திருத்துவதில்லை. நல்லது.

மார்ச் 6, வியாழன்

இன்றே எழுதி வைக்க வேண்டும்.

பகல் 12:20. இரும்புச் சட்டத்தில் பெல்ட்டைக் கட்டி நானூறு கிலோ தொங்கவிட்டோம். நிலா மண்ணுக்குப் பதில் அரசாங்கம் அனுப்பிய வெள்ளைப் பாறைப்பொடி. பெல்ட் அந்தப் பொடியில் உரசி உரசி மேலே போய்க் கீழே வர வேண்டும், இருநூறு தடவை. ஃபிட்டர் சுடலை பொடித் தட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார். பத்து வருஷமாக என்னிடம். திருநெல்வேலிப் பக்கம்.

அறுபதாவது தடவையில், "யக்கா, தையல் நழுவுத மாதிரி இருக்கு, பாத்துக்கிடுங்க" என்றார்.

"இருங்க, எண்ணிக்கை போயிரும்" என்றேன்.

பெல்ட் அறுந்திருந்தால்கூடச் சத்தம் கேட்டு விலகியிருப்பார். அறுபடவில்லை. எடை மாட்ட நுனியை மடித்துத் தையல் போட்ட இடம் வழுக்கிக்கொண்டு சத்தமில்லாமல் உருவி வந்தது. எடை நேராக அவர் இடது கையில். தட்டும் கையும் சேர்ந்து நசுங்கின. பொடியெல்லாம் சிவப்பு. பிரகாஷ் தறி மேலேயே வாந்தி எடுத்தான். பனியன் வேஸ்ட் துணியை அள்ளிக் கட்டினேன், கட்டக் கட்ட ஊறியது.

இரண்டு விரல் போய்விட்டது. மூன்றாவது விரல் பிழைக்குமா என்று நாளை தெரியும்.

"எண்ணிக்கை போயிரும்" என்று நான் சொன்னது யார் காதிலாவது விழுந்திருக்குமா?

மார்ச் 7, வெள்ளி

மூன்றாவது விரலும் இல்லை.

உருவி வந்த பெல்ட்டை எடுத்துப் பார்த்தேன். நம் ஊரில் துணி என்று எது கையில் வந்தாலும் முதலில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்ப்போம். சரக்கு வாங்க பையர் வந்தாலும் அதைத்தான் செய்வான். தேய்த்தேன். மெத்து மெத்தென்று பிறந்த குழந்தை கன்னம் மாதிரி.

சாஃப்ட்னர்!

பனியனுக்குப் போடுகிற வழுவழுப்பு மருந்து. அதைப் போட்டால் நூலோடு நூல் நிற்காது, தையல் எப்படி நிற்கும்? எந்தக் கெமிக்கல் ஃபினிஷும் கூடாது என்று ஒப்பந்தத்தில் கொட்டை எழுத்தில் இருக்கிறது. சூடு காட்டி வாங்கி வர மட்டும்தான் வீரபாண்டிக்கு அனுப்பியது. கொண்டுபோனது பிரகாஷ்.

தறிக்கூடத்துக்குப் போனேன். கையில் அதே பெல்ட், மறு நுனியில் இரும்புக் கொக்கி. கேள்வி கேட்டதாக ஞாபகமில்லை. முதல் அடி முதுகில். இரண்டாவது தோளில். "நான் இல்லீங்க்கா, செலானப் பாருங்க்கா" என்று கத்தினான். எதிர்த்துப் பேசுகிறான் என்று கோபம் இன்னும் ஏறியது. மூன்றாவது அடியில் கொக்கி காதைக் கிழித்தது. தறிகளெல்லாம் ஒவ்வொன்றாக நின்றன. பதினோரு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் கீழே உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டு மறுபடியும் "செலானப் பாருங்க்கா" என்றான்.

இன்னும் நாலு போட்டேன்.

மார்ச் 8, சனி

வெயில். தறி ஓடவில்லை.

பிரகாஷ் பெண்டாட்டி போன்: "ஏழு தையலுங்க. கூடப் பொறந்தவீங்கன்னுதான் போலீசுக்குப் போகாம இருக்கறோம். இனி எங்க ஊட்டுப் பக்கம் வராதீங்க." நானும் திட்டினேன். வைத்துவிட்டாள்.

ஆஸ்பத்திரிக்குச் சாத்துக்குடி வாங்கிப் போனேன். சுடலை தூங்கிக்கொண்டிருந்தார். அவர் மனைவி பேச்சியம்மா பையை வாங்கினார், உள்ளே பார்த்தார், அப்படியே என் நெஞ்சில் விட்டெறிந்தார்.

"எந்தக் கையால உரிச்சித் திம்பாவ?"

பழமெல்லாம் கட்டிலுக்கடியில் உருண்டன. ஒரு நர்ஸ் குனிந்து பொறுக்கினாள். எனக்குக் குனியத் தோன்றவில்லை.

திங்களுக்கு எடுத்து வைக்க வேண்டியவை:
ஒப்பந்த ஃபைல்
முதல் லாட் ரிப்போர்ட்
உருவிய பெல்ட், கொக்கியோடு
டெஸ்ட் வீடியோ (சத்தம் பதிவாகவில்லை)
செலான் நகல் (என் புத்தகத்தில் கார்பன் மங்கல், படிக்க முடியவில்லை, ஒரிஜினல் வீரபாண்டியில்)

மதியம் ஆபீசரம்மாவுக்கு மெயில் அனுப்பிவிட்டேன். "என் அனுமதியில்லாமல் என் தம்பி பிரகாஷ் சாஃப்ட்னர் போட வைத்தார். விபத்துக்கு அவரே காரணம். வேலையிலிருந்து நீக்கிவிட்டேன்." அனுப்பியதும் நன்றாகப் பசித்தது. இரண்டு தட்டு சாப்பாடு.

மார்ச் 9, ஞாயிறு

வீரபாண்டி போனேன். லீவு நாள். ஃபினிஷிங் ஓனர் நாச்சிமுத்து மட்டும் பாய்லர் பக்கம் நின்றிருந்தார். உள்ளே நுழைந்ததும் வாசலில் இருந்த பிளாஸ்டிக் தொட்டியை ஓர் உதை. ஒரு ஆள் கை போச்சு, உன் யூனிட்டைக் கொளுத்திவிடுவேன் என்று கத்தினேன். பக்கத்தில் கிடந்த கம்பி எப்போது என் கைக்கு வந்தது என்று தெரியவில்லை.

அவர் அசையவில்லை. "கம்பியக் கீழ வைங்க. சொல்லாம நாங்க போடுவமுங்களா?" உள்ளே போய்ச் செலானைக் கொண்டுவந்தார்.

நீல மை. என் எழுத்து. "ஹீட் செட். சாஃப்ட்னர் நல்லா போடவும்." அடியில் கோடு வேறு.

அன்றைக்கு எலாஸ்டிக்குக்கு ஆறு செலான் எழுதினேன். ஏழாவது இது. கை பழக்கத்தில் ஓடியிருக்கிறது. இருபது வருஷமாக எழுதுகிற வரி.

"உங்க தம்பி அன்னைக்கே கேட்டாருங்க. இது கவருமெண்ட் சரக்காச்சே, இதுக்கெதுக்கு சாஃப்ட்னர்னு. அப்பிடீன்னா அந்த வரிய அடிச்சுட்டுக் குடுங்க, இல்லீனா அக்காவுக்கு ஒரு போனப் போடுங்கன்னேன். ரண்டுக்கும் மாட்டேனுட்டாருங்க. அக்கா எழுதுனத மாத்துனா எனக்குத்தான் விழும்னாரு."

கம்பியைக் கீழே வைத்தேன். தொட்டியை நிமிர்த்தி வைத்தேன். செலானைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

வரும் வழியில் பிரகாஷ் வீட்டுத் தெருமுனை வரை போனேன். வண்டியைத் திருப்பிவிட்டேன். பயம். அவன் என்ன செய்வானோ என்று இல்லை, ஒன்றும் செய்யமாட்டான் என்றுதான். வெட்கமாக இருக்கிறது. சுடலை கையை நசுக்கியதும் நான்தான், இவன் காதைக் கிழித்ததும் நான்தான்.

நாளைக்குச் சொன்னால் ஒப்பந்தம் போகும். சொல்லாவிட்டால் அவன் பேர்தான் ஃபைலில் நிற்கும், எந்த மில்லிலும் வேலை கிடைக்காது.

மார்ச் 10, திங்கள்

காலையில் மேகம். மழை இல்லை.

10:30. கமிட்டி மூன்று பேர், ஆபீசரம்மாவோடு. டீ, முறுக்கு. மெயிலில் பேர் இருந்ததால் பிரகாஷையும் கூப்பிட்டிருந்தார்கள். வெள்ளைச் சட்டை, தலையில் பெரிய கட்டு. என்னைப் பார்க்கவில்லை.

உருவிய பெல்ட் மேசை நடுவில். ஒருவர் எடுத்து விரல்களுக்கு நடுவில் தேய்த்துப் பார்த்தார்.

ஆபீசரம்மா: "சாஃப்ட்னர் போடச் சொன்னது யாருங்க?"

வாய் திறக்கப்போனேன். அதற்குள் பிரகாஷ், "நாந்தானுங்க. அக்காவுக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்றான். யார் சொல்லிக்கொடுத்தார்கள்? மெயிலில் இருந்ததை அப்படியே ஒப்பித்தான்.

இரு என்று சொல்லக் கையைத் தூக்கினேன். அவ்வளவுதான். நாற்காலி விழ எகிறினான், இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு சுவரோடு ஒட்டிவிட்டான். டீ கிளாஸ் உருண்டது.

பையிலிருந்து செலானை எடுத்து வைத்தேன். "எழுத்து என்னோடதுங்க. மெயில்ல எழுதுனது பொய்ங்க. சுடலை தையல் நழுவுதுன்னு சொன்னப்பவும் நாந்தான் நிறுத்தலீங்க."

ஆபீசரம்மா செலானைப் படித்தார். படித்துவிட்டு அவனைப் பார்த்தார். "காதுல என்னங்க காயம்?"

"தறியில பட்டுருச்சுங்க," என்றான். கை இன்னும் இறங்கவில்லை.

"இல்லீங்க. நான் அடிச்சது."

"எதால?"

மேசையில் இருந்த பெல்ட்டைக் காட்டினேன்.