தங்கம் முட்டை இல்லை, மச்சான்

அன்பு மச்சான்,

உறுதியான செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். அக்காவின் நகைகள் இன்று மதியம் நிலவரப்படி எருமப்பட்டி வீட்டுப் பீரோவில்தான் இருக்கின்றன. சொன்னவள் அக்கா. பீரோவைத் திறக்கச் சொல்லி நானும் பார்த்தேன். "என்னையவே நம்ப மாட்டயா சாமி?" என்று கேட்டாள்.

நம்பாததற்குக் காரணம் இருக்கிறது. நீங்கள் கண்ணை மூடிய பிறகு முட்டை விலை படுத்துவிட்டது. தீவன விலை மட்டும் இறங்கவில்லை. மூன்று கொட்டகைகளில் ஒன்றில்தான் இப்போது கோழி. நீங்கள் வாங்கிப் போட்ட பங்குகளும் வாங்கிய விலைக்கு வெகு கீழே கிடக்கின்றன. அந்த நகை போனால், அடுத்து விற்க, உழுகிற காடு ஒன்றுதான் மிச்சம்.

உங்களுக்கு அந்தப் பங்குகளை வாங்கிக் கொடுத்த நாமக்கல் தரகர் போன வாரம் வந்தார். "அக்கா, ஷேர் இன்னும் எறங்குமுங்க. தங்கமும் எறங்கும். பெரிய கையெல்லாம் வித்துப்போட்டு ரொக்கமா வெச்சிருக்கறாங்க. இன்னைக்கு வித்தாத் தப்பிச்சீங்க" என்றாராம்.

வெறும் பேச்சு என்று தள்ளிவிட முடியவில்லை. தொழில் படுத்தால் எல்லோருக்கும் பணம் வேண்டும், தங்கத்தையும்தான் விற்பார்கள். சேலத்தில் இரண்டு நகைக் கடைகளில் விசாரித்தேன். விற்க வருகிறவர்கள் கூடியிருப்பதாக இருவருமே சொன்னார்கள். விலை இறங்குமா என்று கேட்டேன். ஒருவர் மேலே பார்த்தார். இன்னொருவர் எனக்கு டீ சொன்னார்.

ஆனால் தரகர் நகையைக் கொண்டுபோகச் சொன்ன கடை, அவருடைய மைத்துனருடையது. இறங்கப் போகிற பொருளை அந்தக் கடை ஏன் இவ்வளவு ஆசையாக வாங்க வேண்டும்?

அக்காவுக்கு இது தோன்றவே இல்லை. உங்கள் வீட்டுப் பழக்கம் அப்படி. விலை இறங்கப் போகிறது என்று போன் வந்தால், சாப்பிடுகிற தட்டை விட்டு எழுந்து, கேட்ட விலைக்கு முட்டையை ஏற்றி அனுப்புவீர்கள். வைத்திருந்தால் கெட்டுப்போகிற சரக்கு, வேறு வழியில்லை. அக்கா நகையையும் அதே கணக்கில் பார்த்துவிட்டாள். இன்று காலை நான் போனபோது எல்லாவற்றையும் துணிப்பையில் கட்டித் தயாராக வைத்திருந்தாள்.

"ஏங்க்கா, வளையல் அழுகிப் போயிருமா?"

"எகத்தாளம் பண்ணாதடா. எறங்காதுன்னு நீ எழுதிக் குடுப்பயா?"

"மாட்டேன்."

"அப்பறம் என்ன பேச்சு?"

அந்த நேரம் பார்த்துத் தரகரே காரில் வந்து இறங்கினார். பையைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. அதை அக்காவும் பார்த்தாள். சட்டென்று கேட்டாள்.

"ஏனுங்க, உங்க ஊட்டம்மா நகையெல்லாம் வித்துப்போட்டாங்களா?"

"அது அவிங்க சமாச்சாரமுங்க அக்கா. கேட்டுச் சொல்றனுங்க."

"கேளுங்க. வித்திருந்தா அந்த ரசீதையும் கையோட எடுத்துட்டு வாங்க."

அவர் காபிகூடக் குடிக்காமல் கிளம்பினார். அவரை வாசல்வரை அனுப்பிவிட்டு நான் திரும்புவதற்குள் அக்கா பையை அவிழ்த்து எல்லாவற்றையும் பீரோவில் வைத்துவிட்டாள். "வருவாப்லயாடா?" என்று மட்டும் கேட்டாள்.

மச்சான், உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். அன்றைக்குப் பங்கு ஏறும் என்று சொன்னபோதும் இவர் இப்படித்தான் அவசரப்படுத்தினாரா? நீங்கள் இவரிடம் எதையாவது திருப்பிக் கேட்டீர்களா?

சந்தை இறங்குமா என்பது எனக்குத் தெரியாது. விற்பதா, வைத்திருப்பதா என்று அக்கா இன்னும் முடிவு செய்யவில்லை. அது அவள் முடிவு. ஆனால் அவளை அந்தக் கடைக்குத் தனியாக மட்டும் அனுப்ப மாட்டேன். இது நான் உங்களுக்குக் கொடுக்கும் வாக்கு. தன் வீட்டு நகை பற்றிய பதிலோடு வெள்ளிக்கிழமை காலை வருவதாகத் தரகர் காரில் ஏறும்போது சொன்னார். இதை எழுதும் வரை அவரிடமிருந்து போன் எதுவும் வரவில்லை.

உங்கள் வீட்டுக்குப் பெண் கொடுத்த உறவில்,
உங்கள் மச்சினன்